வாட் மிசாகாவின் பெயரை எப்போது சேர்ப்பீர்கள்?

நைஸ்மித் நினைவுக் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக் குழுவினருக்கு,

கூடைப்பந்தில் சாதித்தவர்களில் உங்கள் மன்றத்தில் சேர்த்துக் கௌரவிக்கப்படுபவர்களின் புதிய பட்டியலை ஒவ்வொரு வருடமும் நீங்கள் அறிவிக்கிறீர்கள். நான் அதில் ஒரே ஒரு பெயரைத் தேடுகிறேன். வாட்டாரு மிசாகா. வாட் மிசாகா என்றால் உங்களுக்கு உடனே தெரியும்: இன்று என்பிஏ என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் 1947-ல் ஆடிய, வெள்ளையரல்லாத முதல் வீரர். 2019 நவம்பர் 20 அன்று, 95 வயதில் அவர் காலமானார். உயிரோடு இருந்தவரை அவரை நீங்கள் சேர்க்கவில்லை. இறந்த பிறகும் இன்று வரை சேர்க்கவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மூடி வைக்க இனி என்னால் முடியாது.

நான் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் பதினொரு வருடமாக வசிக்கும் தமிழன். பெரியகுளத்துக் கோடைப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்து, கல்லூரி அணியில் கார்டாக, அதாவது பந்தை நகர்த்திக் கொடுக்கும் பின்வரிசை ஆட்டக்காரனாக, ஆடியவன். என் உயரம் 5 அடி 6 அங்குலம். இந்த மடலின் ஆங்கில வடிவம் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள உங்கள் முகவரிக்குத் தபாலில் வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. இங்கே பள்ளிக்கூட ஜிம் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காரில் காத்திருக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு மிசாகா யாரென்று தெரியாது. இரண்டு வருடம் முன்பு வரை எனக்கும் தெரியாது.

தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பில் பள்ளி அணியின் தேர்வுக்குப் போனாள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கையாலும் பந்தைத் தட்டிக்கொண்டு போவாள், நிமிர்ந்து பார்க்காமலே பாஸ் கொடுப்பாள். மூன்றாம் நாள் பயிற்சியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ கணக்கில் கெட்டிக்காரியாமே, எங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறாயா?" என்று கேட்டிருக்கிறார். அன்பாகத்தான் கேட்டாராம். ஓர் அட்டையையும் பென்சிலையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் அந்தப் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அதன் நுனியில் இருந்த ரப்பரை நகத்தால் கிள்ளிக்கொண்டே வந்தாள். மடியெல்லாம் இளஞ்சிவப்புத் துகள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டாள்: "நான் கணக்குல கெட்டிக்காரின்னு அவருக்கு யாருப்பா சொன்னா?"

அவள் கணக்கில் சுமார்தான்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு யூட்டாக்காரர், "மிசாகாவைப் பற்றி அவளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். நான் விழித்தேன். அந்த வாரக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு மிசாகா வளர்ந்த ஆக்டனுக்குப் போனேன்.

ஆக்டன் ரயில் ஊர். யூனியன் ஸ்டேஷனுக்கு எதிரே நேராகக் கிழக்கே ஏறுகிறது 25-ஆம் தெரு. இன்று அங்கே செங்கல் கட்டடங்களில் காபிக் கடைகளும் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன. மிசாகா பிறந்த 1923-ல் அது சாராயக் கடைகளும் சூதாட்ட இடங்களும் நிறைந்த தெரு. அவருடைய அப்பா அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். குடும்பம் அடித்தளத்தில் குடியிருந்தது. மிசாகாவுக்கு 15 வயதாகும்போது அப்பா இறந்துபோனார். ஹிரோஷிமாவுக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பையன் வர மறுத்தான். அம்மா கடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 25-ஆம் தெருவில் ஒரு ஜப்பானிய விதவை கத்தரிக்கோலைப் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். அந்த நடைபாதையில் நின்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் பேசவே இல்லை. திரும்பும் வழியில்தான், "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

அப்புறம் நடந்தது நீங்கள் அறிந்த வரலாறுதான். இருந்தாலும் அதை உங்கள் முன் வரிசையாக வைக்க வேண்டியிருக்கிறது.

பையன் ஆக்டன் உயர்நிலைப் பள்ளிக்கு ஆடினான், வீபர் ஜூனியர் கல்லூரிக்கு ஆடினான், அங்கிருந்து யூட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தான். உயரம் 5 அடி 7 அங்குலம். ஜப்பானோடு போர் நடந்த நேரத்தில், 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட உத்தரவு 9066, மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானியக் குடும்பங்களை வீட்டை விட்டுக் கிளப்பியது. ஏறக்குறைய 1,20,000 பேர் முள்வேலிக்குள் போனார்கள். யூட்டா அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் மிசாகா வீட்டார் தப்பித்தார்கள். அதே யூட்டாவில்தான், டெல்டா என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பாலைநிலத்தில், டோபாஸ் முகாம் எழுந்தது. ஒரு கட்டத்தில் 8,000 பேருக்கு மேல் அங்கே அடைபட்டிருந்தார்கள். நாங்கள் அங்கேயும் போய்ப் பார்த்தோம். கட்டடம் எதுவும் இல்லை. கான்கிரீட் அடித்தளங்களும் துருப்பிடித்த ஆணிகளும் புதர்களும் மட்டுமே. காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

தன்னைப் போன்ற முகம் கொண்டவர்கள் அங்கே வேலிக்குள் இருந்த நேரத்தில்தான் மிசாகா யூட்டா என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஆடப் போனார். வெளியூர் அரங்குகளில் என்னென்ன கத்தியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1943-44 யூட்டா அணியைப் பார்த்தால் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். போர்க்காலம். பல்கலைக்கழகத்தின் ஆட்ட அரங்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. பயிற்சியாளர் வேடல் பீட்டர்சனுக்குக் கிடைத்ததெல்லாம் சுற்றுவட்டாரத்துப் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன்கள். என்ஐடி என்ற கல்லூரி அணிகளின் அழைப்புப் போட்டிக்கு நியூயார்க் போய் முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியிடம் தோற்றார்கள். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டிய நேரத்தில், கார் விபத்தில் வீரர்கள் காயம்பட்டதால் ஆர்கன்சா அணி என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரிப் போட்டியிலிருந்து விலகியது. அந்த இடத்துக்கு யூட்டாவைக் கூப்பிட்டார்கள். கான்சாஸ் சிட்டியில் மிசௌரியையும் அயோவா ஸ்டேட்டையும் வென்று மறுபடியும் நியூயார்க்குக்கே வந்து, 1944 மார்ச் 28 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கூடுதல் நேரத்தில் டார்ட்மத்தை 42-40 என்று வென்றார்கள். ஆர்னி ஃபெரின் 22 புள்ளி எடுத்தார். கடைசி நொடிகளில் கூடையில் விழுந்தது ஹெர்ப் வில்கின்சன் போட்ட பந்து. யூட்டா ஆண்கள் அணி இன்று வரை வென்ற ஒரே என்சிஏஏ பட்டம் அதுதான்.

ஊர் திரும்பிய மிசாகாவுக்கு ராணுவ அழைப்பாணை காத்திருந்தது. போனார். போர் முடிந்த பிறகு அவரை ஜப்பானுக்கு அனுப்பி, அதிலும் ஹிரோஷிமாவுக்கு அனுப்பி, குண்டிலிருந்து பிழைத்தவர்களைப் பேட்டி காணச் சொன்னார்கள். 15 வயதில் "வர மாட்டேன்" என்று அவர் சொன்ன அதே ஊர். அவர்கள் கண்ணில் இவர் அமெரிக்கச் சீருடை போட்ட ஜப்பானியர். அவர்கள் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்ட அந்த இளைஞனுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து அதே அணியில் மறுபடி ஆடினார். 1947 மார்ச் 24, மேடிசன் ஸ்கொயர் கார்டன், என்ஐடி இறுதி ஆட்டம். எதிரே அடால்ஃப் ரப் பயிற்சியளித்த கென்டக்கி, முந்தைய ஆண்டின் சாம்பியன். அந்த அணியின் ரால்ஃப் பியர்ட் அந்த ஆண்டு ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவர். அவரைக் காவல் காக்கும் வேலை மிசாகாவுக்கு. கார்டாக ஆடியவர்களுக்குத்தான் இந்த வேலையின் கஷ்டம் தெரியும். பந்து உன் கையில் இருக்காது. கைதட்டலும் உனக்கு இருக்காது. ஒருவனுடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டே, அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அங்கே அரை அடி முன்னால் உன் கால் இருக்க வேண்டும், அதுவும் ஆட்டம் முழுக்க. அன்றிரவு பியர்ட் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. யூட்டா 49-45 என்று வென்றது. அந்தக் காலத்தில் என்ஐடி பட்டம் என்சிஏஏ பட்டத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நடுவில் ராணுவத்துக்குப் போய் வந்த ஒரு மனிதர், இரண்டு பக்கத்திலும் இரண்டு தேசியப் பட்டங்களோடு நிற்கிறார். இதற்கு மேல் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும்?

அந்த ஆண்டே நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1947 நவம்பரில் நிக்ஸ் சட்டையோடு களம் இறங்கினார். மூன்று ஆட்டம், 7 புள்ளி, அதோடு அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி கூப்பிட்டும் போகாமல், ஊருக்குத் திரும்பிப் பொறியியல் படிப்பை முடித்து, சால்ட் லேக் சிட்டியிலேயே பொறியாளராக வேலை பார்த்து வாழ்ந்து முடித்தார்.

"மூன்று ஆட்டம்தானே" என்பதுதான் அவருக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே வாதம். அதை நேராகவே எடுத்துக்கொள்வோம்.

அந்த மூன்று ஆட்டங்களோடு, நிக்ஸ் ஆடிய லீகில் வெள்ளையரல்லாத ஒருவர் முதன்முதலாகக் கால் வைத்தார். அந்த லீகின் பெயர் அப்போது என்பிஏ இல்லை, பிஏஏ என்று சிலர் சொல்வார்கள். சரி. என்பிஏ தன் வயதை எங்கிருந்து எண்ணுகிறது? 1946-லிருந்து. 75-ஆம் ஆண்டு விழாவை 2021-22 பருவத்தில் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். 1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவில் நிக்ஸ் ஆடிய ஆட்டத்தைத் தன் முதல் ஆட்டம் என்று சொல்வதும் அந்தக் கணக்கில்தான். 1946 என்பிஏ வரலாறு என்றால் 1947-ம் என்பிஏ வரலாறுதான். விழாவுக்கு ஒரு கணக்கு, மிசாகாவுக்கு வேறு கணக்கு என்று வைக்க முடியாது.

1950-ல் ஏர்ல் லாயிட், சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் மூவரும் உள்ளே வந்தார்கள். கறுப்பின வீரர்களுக்கு அடைத்து வைத்திருந்த கதவை உடைத்தவர்கள் அவர்கள். அந்தக் கதவின் கனம் வேறு, அவர்கள் பட்ட பாடு வேறு. மிசாகாவை அவர்களுக்கு மேலே வைக்கச் சொல்லவில்லை, அவர்கள் இடத்திலிருந்து ஒரு விரல்கடைகூடக் குறைக்கச் சொல்லவில்லை. நீங்கள் லாயிடை 2003-லும் கிளிஃப்டனை 2014-லும் கூப்பரை 2019-லும் சேர்த்தீர்கள். ஆரம்பகால ஆப்பிரிக்க அமெரிக்க முன்னோடிகளுக்கென்றே தனிக்குழு வைத்தீர்கள். அது நல்ல முடிவு. ஒரு முன்னோடியைச் சராசரிப் புள்ளியால் மட்டும் அளக்கக் கூடாது என்று நீங்களே ஒத்துக்கொண்ட முடிவு அது. அதே அளவுகோலைத்தான் மிசாகாவுக்கும் கேட்கிறேன்.

இன்னொன்று. உங்களுடையது கூடைப்பந்து விளையாட்டின் ஹால் ஆஃப் ஃபேம். கல்லூரிப் பயிற்சியாளர்கள் அங்கே இருக்கிறார்கள், நடுவர்கள் இருக்கிறார்கள், என்பிஏவில் ஒரு நிமிடம்கூட ஆடாத வெளிநாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திறந்த வாசலில் மிசாகாவிடம் மட்டும் என்பிஏ ஆட்டக் கணக்கைக் கேட்பது சரியில்லை.

மூன்று ஆட்டம் என்பதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரலில் சிம் புல்லர் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக இறங்கியபோது, இந்திய வம்சாவளியில் என்பிஏவில் ஆடிய முதல் ஆள் அவர். அவர் ஆடியதும் மூன்றே ஆட்டங்கள்தான். அந்த இரவுகளில் இங்கே பஞ்சாபி வீடு, தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்று பார்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஒரு பையன் பந்தைத் தொட்ட நிமிடத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முகம் எப்படி மாறியது என்று பார்த்தவன் நான். 1947-ல் முகாமிலிருந்து வெளியே வந்து, இழந்த கடையையும் நிலத்தையும் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு மிசாகாவின் பெயர் செய்தித்தாளில் வந்தது எப்படி இருந்திருக்கும் என்று அதை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.

மிசாகா ஒருபோதும் புகார் சொன்னதில்லை. நிக்ஸ் தன்னை இனத்துக்காக அனுப்பவில்லை, கார்டுகள் அதிகமாக இருந்தார்கள் என்றுதான் கடைசிவரை சொன்னார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அவருடைய பெருந்தன்மை உங்களுக்கு வசதியாகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வந்தேறிய வீடுகளில் இது ஒரு பழக்கம். என் அப்பா எனக்குச் சொன்னார், நானும் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்: "கேட்காதே, வேலையைப் பார், தானாகத் தெரிந்துகொள்வார்கள்." மிசாகா 72 வருடம் வேலையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருந்தார். யாரும் தானாகத் தெரிந்துகொள்ளவில்லை. அன்று காரில் நான் மகளிடம், "பரவாயில்லைம்மா, ஸ்கோர் எழுதிப் பார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை பாதியிலேயே நின்றுபோனதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

2022-ல் யூட்டா பல்கலைக்கழகம் அவருடைய 20-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து அரங்கில் உயர்த்தியது. ஹன்ட்ஸ்மன் சென்டருக்கு மகளைக் கூட்டிப்போய் அதைக் காட்டினேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஹால் ஆஃப் ஃபேம்லயும் இருக்காராப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

அடுத்த தேர்வுச் சுற்றிலேயே வாட் மிசாகாவின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த வீரர் என்று எடுத்தாலும் சரி, பங்களிப்பாளர் என்று எடுத்தாலும் சரி. 1944, 1947 பட்டங்களையும் அந்த நவம்பரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்று ஆட்டக் கணக்கைத் தனியாகப் பிரித்து எடை போட வேண்டாம். எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் நான் நிரப்பித் தருகிறேன்.

கறுப்பின முன்னோடிகளுக்கு வைத்ததுபோல, ஆசிய அமெரிக்க முன்னோடிகளுக்கும் பழங்குடி முன்னோடிகளுக்கும் ஒரு குழு வையுங்கள். ஜப்பானிய அமெரிக்க லீக்குகளும் சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன் அணிகளும் இந்த விளையாட்டை எத்தனையோ வருடம் தூக்கிச் சுமந்திருக்கின்றன. அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஆகையால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

லீகில் இனத்தடை விலகிய கதையை நீங்கள் எங்கே எழுதினாலும், எங்கே பேசினாலும், 1950-க்கு முன்னால் 1947 என்ற வருடத்தையும் மிசாகாவின் பெயரையும் போடுங்கள். இதற்கு ஓட்டெடுப்புகூட வேண்டாம், நாளையே செய்யலாம்.

இதில் எதையும் செய்ய முடியாது என்றால், ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். அதை என் மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் இப்போது வேறோர் அணியில் பாயின்ட் கார்டாக ஆடுகிறாள். செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி. என் முகவரி ஆங்கிலப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு தகப்பன்